வண்டியைக் கட்டுவதா, ஓட்டுவதா? வாகனச் சண்டை ஆர்.பி.ஜி.களின் கதை

கணினியில் ஆடும் ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., தன் நாயகனை வளர்ப்பதற்கென்று பழகிப்போன வழி ஒன்றை வைத்திருக்கிறது. எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி. புள்ளி சேரச் சேர உடல்பலமும் ஆயுளும் மந்திரசக்தியும் படிப்படியாக ஏறும். 1985-இல் அமெரிக்காவின் ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஆட்டோடூயல்’ இந்த வழியை விட்டு விலகி நடந்தது. அதில் மனிதனுக்கு இருப்பவை வண்டி ஓட்டுவது, குறிபார்ப்பது, ரிப்பேர் செய்வது என்ற மூன்று திறன்கள் மட்டுமே. மற்றதெல்லாம் அவனுடைய காரில் இருந்தது. கவசம் அவன் தோல், மோட்டார் அவன் மூச்சு, துப்பாக்கி அவன் கை. கார் எரிந்தால் ஆளும் பாதி எரிந்த மாதிரிதான்.

அங்கிருந்து ஒரு சிறு மரபு கிளைத்தது. அளவில் சிறியது என்றாலும், அது எழுப்பிய கேள்வி பெரியது. வண்டியே நாயகனின் உடம்பாகிவிட்ட ஒரு விளையாட்டில் ஆடுகிறவரின் திறமை எங்கே இருக்க வேண்டும்? வண்டியைத் திட்டமிட்டுக் கட்டும் பட்டறையிலா, அதை ஓட்டிச் சண்டையிடும் சாலையிலா? நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு விளையாட்டும் இதற்குத் தன் போக்கில் ஒரு விடை சொல்லி வந்திருக்கிறது. அந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எது நின்றது, எது ஏன் நிற்கவில்லை என்பது புரிகிறது.

எண்ணெய்த் தட்டுப்பாடு தந்த கற்பனை

துப்பாக்கி பொருத்திய காரில் நெடுஞ்சாலையில் மோதிக்கொள்ளும் கற்பனை அமெரிக்காவின் அறிவியல் புனைகதைகளில் 1960-களின் இறுதியிலேயே முளைத்துவிட்டது. ராஜர் ஸெலாஸ்னியின் ‘டாம்னேஷன் ஆலி’ அழிந்துபோன அமெரிக்காவின் குறுக்கே கவச வண்டியில் மருந்து கொண்டுபோகும் கதை. நாவலாக 1969-இல் வந்தது. ஆலன் டீன் ஃபாஸ்டர் 1971-இல் எழுதிய ‘ஒய் ஜானி கான்ட் ஸ்பீட்’ என்ற சிறுகதையில் சாதாரண மக்களே ஆயுதம் தாங்கிய கார்களோடு சாலைக்கு வருகிறார்கள். பின்னால் வந்த விளையாட்டுகளுக்கு நேரடி விதை இந்தச் சிறுகதைதான்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பு வந்தது. 1979-இல் ஈரான் புரட்சியை ஒட்டி மறுபடியும் தட்டுப்பாடு. காரும் திறந்த சாலையும் தங்கள் சுதந்திரத்தின் அடையாளம் என்று வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அந்தச் சாலை கையைவிட்டுப் போகலாம் என்ற அச்சம் முதன்முதலாக வந்தது. அதே 1979-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்’ வெளியானது. மில்லர் மருத்துவர், சாலை விபத்தில் சிதைந்த உடல்களை மருத்துவமனையில் நேரில் பார்த்தவர். 1981-இல் அவர் எடுத்த இரண்டாம் படத்தில் பெட்ரோலுக்காகவே மனிதர்கள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள். இந்தக் காற்றைச் சுவாசித்துத்தான் நம் விளையாட்டுகள் பிறந்தன.

கார் வார்ஸ்: எடை, இடம், பணம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இயங்கிய ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், சாட் இர்பியும் ஸ்டீவ் ஜாக்சனும் வடிவமைத்த ‘கார் வார்ஸ்’ என்ற மேஜை விளையாட்டை 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும் அளவு பொட்டலம், சின்ன அட்டைக் கார்கள், கட்டம் போட்ட தாள், பகடை. ஆட்டத்தின் ஒரு சுற்று என்பது கதையில் ஒரு வினாடி. பதினைந்து வினாடிச் சண்டையை ஆடி முடிக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

ஆனால் ஆட்டத்தின் உயிர் மேஜைக்கு வருவதற்கு முன்பே, பென்சிலும் தாளுமாகக் காரை வடிவமைக்கும் கட்டத்தில் இருந்தது. 1980-களின் விதிப்புத்தகங்களில் உள்ள எண்களைக் கொண்டே ஒரு காரைக் கட்டிப் பார்க்கலாம். நடுத்தர அளவுக் காரின் வெற்றுடல் 1600 பவுண்டு. மொத்தம் 4800 பவுண்டு தாங்கும். உள்ளே 13 இடங்கள். பெரிய மோட்டார் 900 பவுண்டு, 5 இடங்கள். பஞ்சரைத் தாங்கும் டயர்கள் நான்கும் சேர்ந்து 200 பவுண்டு. ஓட்டுநர் 150 பவுண்டு, 2 இடங்கள். இயந்திரத் துப்பாக்கி இரண்டு, தலா 20 குண்டுகளோடு 400 பவுண்டு, 2 இடங்கள். மிச்சம் இருப்பது 1550 பவுண்டு. இந்த உடலுக்கு ஒரு புள்ளிக் கவசம் 8 பவுண்டு என்பதால் 193 புள்ளிக் கவசம் பூட்டலாம். முன், பின், இடம், வலம், மேல், கீழ் என ஆறு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்தால் பக்கத்துக்கு 32 புள்ளி. பார்க்க நல்ல வண்டி.

இப்போது சிக்கல் வருகிறது. பெரிய மோட்டாரின் சக்தி எண் 2000. மொத்த எடையில் பாதியாவது சக்தி எண்ணாக இருந்தால் வண்டி ஒரு வினாடியில் 10 மைல் வேகம் கூட்டும். பாதிக்குக் குறைந்து, மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் 5 மைல்தான். நம் வண்டி 4800 பவுண்டு. ஆகவே 5 மைல். 10 மைல் வேண்டுமென்றால் எடை 4000-க்கு இறங்க வேண்டும். கழிக்க வேண்டிய 800 பவுண்டையும் கவசத்திலிருந்து எடுத்தால் 100 புள்ளி போய்விடும். மிஞ்சுவது 93, பக்கத்துக்குப் பதினைந்து. எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஒவ்வோர் அடியிலும் ஒரு பகடை அளவு சேதம் செய்யும். சராசரிக் கணக்கில் 32 புள்ளிக் கவசம் பத்தாவது அடிவரை நிற்கும். 15 புள்ளிக் கவசம் ஐந்தாவது அடியில் தீர்ந்துவிடும்.

வேகமாக விலகி ஓடுகிறவனா, நின்று அடிவாங்கித் திருப்பி அடிக்கிறவனா? இந்த முடிவை எடுக்கும் கணத்தில் ஆடுகிறவர் தன் பாத்திரத்தின் குணத்தையே எழுதிவிடுகிறார். அப்படித்தான் வெறும் கூட்டல் கழித்தல் ஒரு ஆளுமையாக மாறுகிறது. கார் வார்ஸின் மேதைமை இதில் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே பணத்தில் கட்டிய கார்களைப் பார்த்தாலே யார் முன்கோபி, யார் எச்சரிக்கைக்காரர் என்று சொல்லிவிடலாம்.

ஆட்டோடூயல்: பயணமே பந்தயம்

கார் வார்ஸின் உலகத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் சக் பியூஷியும் ரிச்சர்ட் கேரியட்டும். இருவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்தே நண்பர்கள். 1983-இல் ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இவர்களும் உண்டு. கேரியட் ‘அல்டிமா’ வரிசையால் அப்போதே புகழ்பெற்றிருந்தார். ‘அல்டிமா 4’ வெளிவந்ததும் அதே 1985-இல்தான். ஓர் ஆட்டத்தில் எட்டு அறங்களைக் கைக்கொண்டு ஒழுகும் நாயகன், இன்னொன்றில் கவசக் காரோடு சரக்கு சுமக்கும் ஓட்டுநர். ஆர்.பி.ஜி. என்ற வடிவத்தால் என்னென்ன செய்ய முடியும் என்று ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் இரு எதிர்த்திசைகளில் தேடியிருக்கிறது.

ஆட்டோடூயலின் காலம் 2030. களம் அமெரிக்காவின் வடகிழக்கு. நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க், வாஷிங்டன் முதலிய 16 நகரங்கள். ஆரிஜின் அப்போது நியூ ஹாம்ப்ஷயருக்கு இடம் மாறியிருந்தது; அந்த மாநிலத்தின் மான்செஸ்டரும் இந்த வரைபடத்தில் உண்டு. எண்ணெய் தீர்ந்த உலகம் என்பதால் கார்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. எவ்வளவு தூரம் போகலாம், எங்கே சார்ஜ் ஏற்றலாம் என்ற கணக்கு ஒவ்வொரு பயணத்திலும் கூடவே வரும். இன்று மின்கார் வாங்குகிற எவரும் போடுகிற அதே கணக்கை இந்த விளையாட்டு 1985-இலேயே 2030-க்கு எழுதிவைத்திருந்தது.

தொடக்கத்தில் நாயகனுக்குக் கார் கிடையாது. கையில் 2000 டாலர். அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வண்டியைக் கட்ட முடியாது. புதியவர்களுக்கான அரங்கச் சண்டையில் வண்டியை அரங்கமே கொடுக்கும். பலர் அங்கே தொடங்கினார்கள். வேறு சிலர் பஸ் பிடித்து அட்லான்டிக் சிட்டிக்குப் போய்ச் சூதாட்ட மேஜையில் உட்கார்ந்தார்கள். இந்த ஏழ்மைத் தொடக்கம் விளையாட்டின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று. கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் கட்டும் முதல் காருக்கு ஆடுகிறவர் பெயர் வைக்கும்போது அதில் உண்மையான பாசம் இருக்கும்.

அதன்பின் வரும் பிழைப்பு கூரியர் வேலை. ஓட்டுநர்கள் சங்கத்தின் அலுவலகத்தில் சரக்கு கிடைக்கும். சரக்குக்கு எடை உண்டு, அது வண்டியில் இடம் பிடிக்கும், குறித்த கெடுவுக்குள் போய்ச்சேர வேண்டும். ஆகவே நல்ல கூலி கொடுக்கும் சரக்கை ஏற்ற வேண்டுமென்றால், வண்டியைக் கட்டும்போதே இடம் விட்டிருக்க வேண்டும். அதாவது ஒரு துப்பாக்கியைத் துறந்திருக்க வேண்டும். பட்டறையில் எடுத்த முடிவு பத்து ஊர் தாண்டியும் தொடர்ந்து வந்து கணக்குக் கேட்கிறது.

வழியில் கொள்ளையர் வண்டிகள் மறிக்கும். ஜெயித்தால் உடைந்த வண்டியிலிருந்து உருப்படியான பாகங்களைக் கழற்றி ஊருக்குள் காயலான் கடையில் விற்கலாம். தோற்றால் சாவு. சாவு இங்கே லேசான விஷயம் இல்லை. கோல்ட் கிராஸ் என்ற நிலையத்தில் முன்கூட்டியே பணம் கட்டித் தன் நகலை உருவாக்கி வைத்தவர் மட்டும் மறுபடி எழுவார். மற்றவர் கதை அங்கேயே முடிந்து, புதுப் பாத்திரத்தோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேர்புகழ் வளர வளரப் பெரிய வேலைகள் தேடி வரும். கடைசியில் குற்றக் கும்பல் தலைவனைப் பிடிக்க எஃப்.பி.ஐ.யே நாயகனை நாடுகிறது. ஆனால் ஆட்டோடூயலை ஆடியவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த முடிவை அல்ல. இந்தக் கவசத்தோடு இந்த இரவில் இந்தச் சாலையில் கிளம்பலாமா, வேண்டாமா என்று ஒவ்வொரு ஊர் எல்லையிலும் எழுந்த தயக்கத்தைத்தான்.

குறையும் சண்டையில்தான் இருந்தது. கார் வார்ஸின் வினாடிக்கு வினாடிச் சிந்தனையை விட்டுவிட்டு, மேலிருந்து பார்க்கும் திரையில் ஜாய்ஸ்டிக்கால் வண்டியை வளைத்துச் சுடும் நேரடிச் சண்டையை ஆட்டோடூயல் எடுத்துக்கொண்டது. 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய ஆப்பிள் 2 கணினியில் அது ஒரு சாதனை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் பட்டறையில் பொறுமையாகக் கணக்குப் போட்டவர் சாலையில் கைவேகத்தை நம்ப வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அரிது. கணக்கில் கெட்டிக்காரர் சண்டையில் சலித்தார். கை வேகமானவர் கணக்கில் சலித்தார். இந்த வகை பிற்காலத்தில் சந்தித்த எல்லாச் சிக்கலுக்கும் மூலம் இதுவே.

ரோட்வார் 2000: தலைவனின் பார்வை

அடுத்த ஆண்டே எதிர்ப்பக்க விடை வந்துவிட்டது. போர் விளையாட்டுகளுக்குப் பேர்போன எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘ரோட்வார் 2000’ வேகமான கையை எதிர்பார்க்கவில்லை. நிதானமாகச் சுற்றுச் சுற்றாக ஆடப்பட்டது. உயிரியல் ஆயுதத்தால் நோய் பரவிச் சிதைந்த அமெரிக்கா. நாயகன் ஒரு சாலைக் கும்பலின் தலைவன். மோட்டார் சைக்கிளில் தொடங்கி பஸ், லாரி வரை வண்டிகளைச் சேர்த்து நாடு முழுவதும் அலைந்து, அரசின் ரகசிய ஆய்வகத்துக்கு வேண்டிய எட்டு விஞ்ஞானிகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும்.

இதில் ஒற்றை வண்டியின் நுணுக்கம் இல்லை. மாறாக ஒரு படையையே வழிநடத்தும் பாரம் இருக்கிறது. ஆட்களுக்குச் சோறு, வண்டிகளுக்கு எரிபொருள், ஸ்டெப்னி டயர்கள், மருந்து எல்லாம் தீர்ந்துகொண்டே வரும். எதிர்ப்படும் கும்பலோடு எவ்வளவு விரிவாகச் சண்டையிடுவது என்பதையும் ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு வண்டியாக நகர்த்தலாம், அல்லது கணினியிடம் விட்டு முடிவை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். சிந்திக்கிறவருக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் வண்டிகள் கூடக் கூட அவற்றின் மேலுள்ள பாசம் குறைந்தது. ஆட்டோடூயலில் பெயர் சூட்டிய கார் இருந்த இடத்தில் இங்கே எண்ணிக்கை வந்துவிட்டது. 1987-இல் ‘ரோட்வார் யூரோப்பா’ இதே அமைப்பை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. அதன்பின் இந்த வரிசை நின்றுபோனது.

பின்வந்தவர்கள்

1990-களில் முப்பரிமாணப் படக்காட்சி வந்ததும் தராசு முற்றிலும் சாலைப் பக்கம் சாய்ந்தது. 1995-இல் ‘ட்விஸ்டட் மெட்டல்’, 1997-இல் ‘கார்மகெடன்’ என்று காரால் அடித்து நொறுக்கும் விளையாட்டுகள் நன்றாகவே விற்றன. அவற்றில் ஆர்.பி.ஜி.யின் சாயல்கூட இல்லை.

விதிவிலக்காக நின்றது 1997-இல் ஆக்டிவிஷன் வெளியிட்ட ‘இன்டர்ஸ்டேட் 76’. எண்ணெய் நெருக்கடி தீராமலே தொடர்ந்த ஒரு மாற்று 1976-இல், அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் அதன் கதை நடக்கிறது. ராட்சத இயந்திர மனிதர்களுக்காக எழுதப்பட்ட ‘மெக்வாரியர் 2’ விளையாட்டின் இயக்கக் கட்டமைப்பையே கார்களுக்குத் திருப்பியிருந்தார்கள். ஆகவே ஆயுதம், கவசம், எடை ஆகியவற்றின் கணக்கு இயல்பாகவே உள்ளே வந்தது. ஒரு சண்டையில் வீழ்த்திய காரின் பாகங்களை அடுத்த சண்டைக்குமுன் மெக்கானிக் ஸ்கீட்டர் நம் வண்டியில் பொருத்தித் தருவார். எல்லாவற்றையும்விட அழகான விஷயம், நாயகனின் தோழன் டாரஸ். ஒரு விசையை அழுத்தினால் அவர் வானொலியில் கவிதை சொல்வார். சண்டைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் இரும்புக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை இந்த வகையில் வேறெந்த விளையாட்டும் இவ்வளவு எளிதாக உணர்த்தவில்லை. கதை ஒரே நேர்க்கோட்டில் போனது மட்டும் குறை. எந்தச் சாலையில் கிளம்புவது என்ற தேர்வு ஆடுகிறவரிடம் இல்லை.

2005-இல் ரஷ்யாவின் டார்ஜெம் கேம்ஸ் உருவாக்கிய ‘எக்ஸ் மாக்கினா’, ஆங்கிலத்தில் ‘ஹார்ட் டிரக் அபோகலிப்ஸ்’, அந்தத் தேர்வைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் சரக்கு வாங்கி விற்று, லாரியின் முன்பகுதியையும் சரக்குப் பெட்டியையும் மாற்றி மாற்றி வளர்க்கலாம். ஆட்டோடூயலின் கூரியர் பிழைப்பு இருபது ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் உயிர்பெற்ற மாதிரி இருந்தது.

இணையத்தில் பலர் கூடி ஆடும் வகையிலும் இரு முயற்சிகள் நடந்தன. 2006-இல் என்.சி.சாஃப்ட் வெளியிட்ட ‘ஆட்டோ அசால்ட்’ பெரும் பொருட்செலவில் வந்தது. அது வழக்கமான அனுபவப் புள்ளி வளர்ச்சியை அப்படியே காருக்கு மாட்டியது. வாள் இருந்த இடத்தில் பீரங்கி, குதிரை இருந்த இடத்தில் சக்கரம். 2007 ஆகஸ்டிலேயே அதை மூடிவிட்டார்கள். மறுபக்கம், அயர்லாந்தைச் சேர்ந்த சாம் ரெட்ஃபெர்ன் உருவாக்கிய ‘டார்க்விண்ட்’ சிறிய முயற்சி. கார் வார்ஸின் நேர் வாரிசு. சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஆனால் வண்டியின் வேகமும் சறுக்கலும் இயற்பியல் கணக்குப்படி அமையும். ஓட்டுநர் செத்தால் செத்தவர்தான். பட்டறைக்கும் சாலைக்கும் இடையிலிருந்த பிணக்கை மிகத் தெளிவாகத் தீர்த்துக்காட்டியது இந்தச் சிறிய விளையாட்டே என்பது என் கருத்து. வேகம் என்பது ஆடுகிறவரின் விரலில் இருக்கத் தேவையில்லை, வண்டியின் எடையிலும் டயரிலும் இருந்தால் போதும் என்று அது காட்டியது.

கார் வார்ஸும் ஓய்ந்துவிடவில்லை. 2019-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி ஆறாம் பதிப்பு உருவானது. பவுண்டுக் கணக்கு போய், சீட்டுகளைத் தேர்ந்து காரைக் கட்டும் முறை வந்தது. மாலை முழுக்க நீண்ட ஆட்டம் சுருங்கியது.

எது நின்றது?

இத்தனை விளையாட்டுகளையும் ஒருசேரப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, பற்றாக்குறை. எடை, இடம், பணம் மூன்றும் ஒன்றோடொன்று இழுபறி நடத்தும்போதுதான் கார் ஒரு பாத்திரம் ஆகிறது. எல்லாம் பொருத்தலாம் என்றால் எல்லார் காரும் ஒன்றே. கட்டம் போட்ட தாளில் ஆடிய கார் வார்ஸ் காலங்கடந்து நிற்பதும், பெரும் முதலீட்டில் வந்த ஆட்டோ அசால்ட் ஒன்றரை ஆண்டு தாண்டாததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, இழப்பு. கோல்ட் கிராஸ் நகல் ஆளைத் திருப்பித் தரும். எரிந்துபோன காரைத் தராது. இழக்கக்கூடியது என்று தெரிந்த பிறகுதான் அதைக் காப்பாற்றத் தோன்றுகிறது. காப்பாற்றத் தோன்றும்போதுதான் சண்டையைத் தவிர்ப்பதும் ஒரு வீரமாகிறது. மற்ற ஆர்.பி.ஜி.களில் சண்டை என்றால் லாபம். இங்கே ஒவ்வொரு சண்டைக்கும் டயரும் கவசமும் குண்டும் செலவு. அந்தச் செலவுக் கணக்கு ஆடுகிறவருக்கு விவேகத்தைக் கற்றுத்தருகிறது.

மூன்றாவது, பட்டறையும் சாலையும் ஒரே கணக்கில் பேச வேண்டும். இதில்தான் பெரும்பாலானவை தவறின. ஆட்டோடூயல் வண்டியைக் கணக்கால் கட்டவைத்து, சண்டையைக் கைவேகத்திடம் ஒப்படைத்தது. ரோட்வார் 2000 கணக்கைக் காத்து, வண்டியின் முகத்தை இழந்தது. இன்டர்ஸ்டேட் 76 முகத்தைத் தந்து, பாதையைப் பறித்தது. முன்பக்கக் கவசத்தில் ஒருவர் மிச்சம் பிடித்த 80 பவுண்டு, அடுத்த நாள் ஒரு வளைவில் அவர் உயிரைக் காப்பதையோ வாங்குவதையோ அவரே கண்ணால் பார்க்க வேண்டும். அந்தத் தொடர்ச்சி இருக்கும் இடத்தில் விளையாட்டு ஆர்.பி.ஜி. ஆகிறது, அது அறுபடும் இடத்தில் வெறும் கார் சண்டையாகவோ வெறும் கணக்குப் பாடமாகவோ சுருங்கிவிடுகிறது.

இன்றைய கணினிக்கு இந்தத் தொடர்ச்சியைத் தருவது கடினமே இல்லை. ஆப்பிள் 2-இன் நெகிழ்தட்டின் ஒரு பக்கத்தில் 140 கிலோபைட்தான் கொள்ளும். அப்படிப்பட்ட சொற்ப இடத்தில் 16 நகரங்களையும் ஒரு சாலை உலகத்தையும் பியூஷியும் கேரியட்டும் அடக்கினார்கள். இன்று தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. ஆடுகிறவர் பொறுமையாகக் கணக்குப் போடமாட்டார், தோல்வியைத் தாங்கமாட்டார் என்ற விற்பனையாளரின் நம்பிக்கையே. டார்க்விண்ட் போன்ற சிறு முயற்சிகள் அந்த நம்பிக்கை தவறு என்பதற்குச் சான்று. அடுத்து இப்படியொரு விளையாட்டைச் செய்ய முன்வருகிறவர், வண்டி எவ்வளவு அழகாக வெடிக்கிறது என்பதில் செலவழிக்கும் உழைப்பில் ஒரு பகுதியை, அந்த வண்டி ஏன் வெடித்தது என்பதை ஆடுகிறவர் தன் வடிவமைப்புத் தாளில் விரல்வைத்துக் காட்டும்படி செய்வதில் செலவிட வேண்டும். அது நடந்தால், 1985-இல் பாதி விடை கிடைத்த கேள்விக்கு மீதி விடையும் கிடைத்துவிடும்.